லினக்ஸின் வாசல் பூட்டு: ஒரு சிறு வரலாறு

திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று பிரியாணி, இன்னொன்று பூட்டு. பிரியாணியை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கட்டுரை பூட்டைப் பற்றியது. ஆனால் இரும்புப் பூட்டு அல்ல; யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளைத் திறந்தவுடன் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு வந்து நிற்கிறதே, அந்தத் திரைப் பூட்டு. அதற்கு 'டிஸ்ப்ளே மேனேஜர்' என்று பெயர். அந்தத் திரை எங்கிருந்து வந்தது, அதற்கு முன்னால் என்ன இருந்தது, அது மக்கர் செய்யும்போது கட்டளை வரியிலிருந்து அதை எப்படி நிறுத்தி மறுபடி ஓட வைத்தார்கள் என்பது ஒரு சுவாரஸ்யமான வரலாறு. அந்த வரலாறு அமெரிக்காவில் தொடங்கி, சென்னை வழியாக, திண்டுக்கல் பக்கத்துப் பள்ளி மாணவர் மடி வரைக்கும் வந்திருக்கிறது.

முதலில் இரும்புப் பூட்டு

ஊர்ப் பூட்டைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் போனால் திண்டுக்கல்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். நாகல் நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, யாகப்பன்பட்டி என்று நகரத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகக் கையாலேயே பூட்டு செய்து வந்திருக்கிறார்கள். மாங்காய் வடிவத்தில் இருக்கும் மாங்காய்ப் பூட்டு இந்த ஊரின் அடையாளம். இயந்திரத்தில் செய்த மலிவான பூட்டுகளும் அலிகார் பூட்டுகளும் சந்தைக்கு வந்த பிறகு இந்தத் தொழில் நலிந்தது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்தப் பூட்டுகளின் உள்ளே லீவர் என்ற தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒரு தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். எல்லாத் தகடும் ஒரே நேரத்தில் சரியான இடத்துக்கு வந்தால்தான் தாழ் நகரும். ஒரு தகடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பூட்டு திறக்காது. இந்த அடுக்குத் தகடுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எழுத்துப் பூட்டின் காலம்

ஒரு கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தத் தொடங்கியபோதுதான் பூட்டின் தேவை வந்தது. 1961இல் எம்ஐடியில் காட்டப்பட்ட சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பு இப்படிப்பட்ட முன்னோடிகளில் ஒன்று. அங்கே ஒரு வேடிக்கையான விபத்தும் நடந்தது. 1966 வாக்கில் ஒரு மென்பொருள் பிழையால், 'இன்றைய செய்தி' என்று எல்லோருக்கும் காட்ட வேண்டிய கோப்பும் கடவுச்சொல் கோப்பும் இடம் மாறிவிட்டன. உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் ஊரில் உள்ள எல்லோருடைய கடவுச்சொல்லும் திரையில் வந்து விழுந்தது!

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைக்காமல், திருப்பி எடுக்க முடியாதபடி குலைத்துச் சேமிக்கும் முறையை யூனிக்ஸ் வளர்த்தெடுத்தது. ராபர்ட் மோரிஸும் தாம்சனும் 1979இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்த வரலாற்றை விரிவாகச் சொல்கிறது.

அந்தக் கால யூனிக்ஸில் வாசல் வேலையை மூன்று நிரல்கள் பிரித்துக்கொண்டன. கணினி எழுந்ததும் முதலில் ஓடுவது 'இனிட்'. அது ஒவ்வொரு முனையத்துக்கும் ஒரு 'கெட்டி'யை அனுப்பும். கெட்டி என்ற பெயர் உலோகக் கெட்டி அல்ல. 'டிடிஒய்யைப் பெறு' என்பதன் சுருக்கம். கெட்டி திரையில் 'லாகின்' என்று எழுதிவிட்டுக் காத்திருக்கும். பெயரைத் தட்டியதும் 'லாகின்' என்ற நிரலிடம் ஒப்படைக்கும். லாகின் கடவுச்சொல்லைச் சரிபார்த்து, கட்டளை ஏற்கும் 'ஷெல்'லைத் திறந்துவிடும். வேலை முடிந்து பயனர் வெளியேறினால் ஷெல் இறக்கும், இனிட் அதைக் கவனித்து மறுபடியும் ஒரு கெட்டியை அதே வாசலில் உட்கார வைக்கும்.

மிக எளிமையான ஏற்பாடு. இதில் படம் கிடையாது, சுட்டி கிடையாது. இருந்தாலும் இந்த முறை இன்றுவரை ஒவ்வொரு லினக்ஸ் கணினியிலும் உயிரோடு இருக்கிறது. அழகான திரை கெட்டுப்போகும் நாளில் காப்பாற்ற வருவதும் இதுதான்.

ஜன்னல் வந்தது, வாசல் வரவில்லை

எம்ஐடியில் 'அதீனா திட்டம்' என்று ஒன்று 1983இல் தொடங்கியது. மாணவர்கள் எல்லோருக்கும் வளாகம் முழுவதும் கணினி வசதி தருவது நோக்கம். அங்கே 1984இல் பாப் ஷெய்ஃப்லர், ஜிம் கெட்டிஸ் முதலியோர் உருவாக்கிய வரைகலை அமைப்புதான் 'எக்ஸ்'. அதற்கு முன்னால் ஸ்டான்ஃபோர்டில் 'டபிள்யூ' என்று ஒன்று இருந்தது. ஆங்கில அகரவரிசையில் அதற்கு அடுத்தது எக்ஸ், அவ்வளவுதான் பெயர்க் காரணம். 1987 செப்டம்பரில் எக்ஸின் 11ஆம் பதிப்பு வந்தது. அதன் பிறகு அந்த எண் மாறவே இல்லை.

ஆனால் ஒரு குறை இருந்தது. எக்ஸுக்கு வாசல் இல்லை. பயனர் பழைய கருந்திரையில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே வந்து, ஒரு கட்டளை தட்டி ஜன்னல்களை வரவழைக்க வேண்டும். லினக்ஸ்காரர்களுக்கு 'ஸ்டார்ட்எக்ஸ்' என்ற கட்டளை ஞாபகம் இருக்கும், அதே வழிதான்.

இதில் ஒரு பாதுகாப்பு ஓட்டையும் உண்டு. எக்ஸை மூடினால் பயனரின் ஷெல் பின்னால் திறந்தபடியே நிற்கும். ஒருவர் திரையைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போனால், இன்னொருவர் வந்து கண்ட்ரோல், ஆல்ட், பேக்ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி எக்ஸையே கொன்றுவிடலாம். திரைப் பூட்டும் சேர்ந்து போய்விடும். பின்னால் இருப்பது திறந்த வீடு! முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதை. இந்தச் சாவிச் சேர்க்கை பிற்காலத்தில், 2009 வாக்கில்தான், முன்னிருப்பாக முடக்கப்பட்டது.

எக்ஸ்டிஎம்: முதல் வரைகலை வாசல்

1988 அக்டோபரில் எக்ஸ்11இன் மூன்றாம் வெளியீடு வந்தபோது அதனுடன் 'எக்ஸ்டிஎம்' என்ற நிரல் சேர்ந்து வந்தது. எழுதியவர் எம்ஐடி எக்ஸ் கூட்டமைப்பில் இருந்த கீத் பேக்கர்ட். கருந்திரையில் இனிட், கெட்டி, லாகின் மூன்றும் செய்த வேலையை ஒரே நிரலாக வரைகலைத் திரையில் செய்வதுதான் அதன் பணி. எக்ஸைத் துவக்குவது, பெயர் கேட்பது, கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது, பயனரின் அமர்வை ஓட விடுவது, அமர்வு முடிந்ததும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி பெயர் கேட்பது. பின்னால் திறந்து கிடக்கும் ஷெல் எதுவும் இல்லை. ஓட்டை அடைபட்டது.

1989 டிசம்பரில் வந்த நான்காம் வெளியீட்டில் 'எக்ஸ்டிஎம்சிபி' என்ற நெறிமுறை சேர்ந்தது. இதனால் வட்டே இல்லாத மலிவான எக்ஸ் முனையங்கள், வலைப்பின்னல் வழியாக ஒரு பெரிய கணினியிடம் போய் 'எனக்கு ஒரு வாசல் கொடு' என்று கேட்க முடிந்தது. ஒரு சர்வர், முப்பது மாணவர், முப்பது திரை. பணம் குறைவான கல்லூரி ஆய்வகங்களுக்கு ஏற்ற யோசனை. பத்தாண்டு கழித்து 1999இல் தொடங்கிய எல்டிஎஸ்பி என்ற லினக்ஸ் திட்டம் பழைய கணினிகளை முனையமாக்க இதே நெறிமுறையைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு எச்சரிக்கை: இதில் செல்லும் எழுத்துகள் மறையாக்கம் செய்யப்படுவதில்லை. அதே வலையில் ஒட்டுக் கேட்பவருக்குக் கடவுச்சொல் தெரிந்துவிடும்.

பேக்கர்டின் நிரலில் ஒரு முன்யோசனை இருந்தது. பயனர் தன் அமர்வு அமைப்புக் கோப்பைத் தவறாக எழுதிவிட்டால், உள்ளே நுழைந்த உடனே அமர்வு முடிந்து மறுபடியும் வாசலுக்கே தள்ளப்படுவார். எத்தனை முறை நுழைந்தாலும் இதே கதி. இதற்காகவே, கடவுச்சொல்லைத் தட்டிவிட்டு என்டருக்குப் பதில் எஃப்1 அழுத்தினால், அந்தக் கோப்பைப் படிக்காமல் ஒரே ஒரு முனைய ஜன்னலோடு உள்ளே விடும் வசதியை வைத்தார்கள். அதற்குள் போய்ப் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். எக்ஸ்டிஎம்மைக் கட்டளை வரியிலிருந்து ஆள்வதும் எளிது. 'ஹப்' என்ற சமிக்ஞையை அனுப்பினால் அமைப்புக் கோப்புகளை மறுபடி படிக்கும். 'டெர்ம்' அனுப்பினால் எல்லா அமர்வுகளையும் முடித்துவிட்டு வெளியேறும்.

சன், எச்பி, ஐபிஎம் வீட்டு வாசல்

தொண்ணூறுகளில் பெரிய யூனிக்ஸ் நிறுவனங்கள் ஒன்று சேர்ந்து சிடிஇ என்ற பொது மேசைத்தளத்தை உருவாக்கின. அதன் வாசல் 'டிடிலாகின்'. இதன் பட்டியலிலேயே 'கட்டளை வரியில் நுழை' என்று ஒரு தேர்வு இருந்தது. அதைச் சொடுக்கினால் வரைகலை ஒதுங்கிக்கொண்டு கருந்திரை வாசலைக் காட்டும். நிர்வாகிக்கு 'டிடிகான்ஃபிக்' என்ற கட்டளை. அதோடு 'டி' சேர்த்தால் கணினி எழும்போது வரைகலை வாசல் வராது, 'இ' சேர்த்தால் வரும், 'கில்' சேர்த்தால் அப்போதே மூடிக்கொள்ளும். 2005இல் வந்த சோலாரிஸ் 10இல் இந்தப் பொறுப்பு 'எஸ்விசிஏடிஎம்' என்ற புதிய கட்டளைக்கு மாறியது.

ஃப்ரீபிஎஸ்டியில் வேறு வழி. முனையங்களின் பட்டியல் இருக்கும் 'டிடிஒய்ஸ்' கோப்பில் எக்ஸ்டிஎம் வரியில் 'ஆஃப்' என்று இருப்பதை 'ஆன்' என்று மாற்றிவிட்டு, முதல் நிரலான இனிட்டுக்கு ஒரு சமிக்ஞை அனுப்பினால் போதும். ஆளுக்கொரு வழி, ஊருக்கொரு பூட்டு.

லினக்ஸில் நடந்த குழப்பம்

1998 ஜூலையில் கேடிஇ 1.0 வந்தது, அதன் வாசல் கேடிஎம். 1999 மார்ச்சில் க்னோம் 1.0 வந்தது, அதன் வாசல் ஜிடிஎம். இதே காலத்தில்தான் இந்தியாவில் லினக்ஸ் பரவியது. பிசி குவெஸ்ட் இதழ் 1996 முதல் லினக்ஸ் குறுந்தகடுகளை இதழோடு தந்தது. டயல்அப் இணைப்பில் 600 எம்பி இறக்குவது கனவு என்றிருந்த காலத்தில், சிறு நகரங்களில் பலர் லினக்ஸை முதலில் பார்த்தது இதழோடு வந்த இப்படிப்பட்ட குறுந்தகட்டில்தான்.

அப்படிப் பார்த்தவர்களில் பலர் கற்றுக்கொண்டது ரெட் ஹேட் வழி. அதில் 'ரன்லெவல்' என்று ஒரு எண் முறை உண்டு. 3 என்றால் கருந்திரை, 5 என்றால் வரைகலை. 'இனிட் 3' என்று தட்டினால் வரைகலை வாசல் மூடும். 'இனிட் 5' என்றால் திரும்ப வரும். 'இனிட்டேப்' கோப்பில் எண்ணை மாற்றினால் அடுத்த முறை கணினி எழும்போதும் அப்படியே. 64 எம்பி நினைவகத்தோடு மூச்சு வாங்கிய கணினிகளுக்கு 'இனிட் 3' ஒரு வரப்பிரசாதம்.

டெபியனில் இந்த வித்தை பலிக்காது. அங்கே 2 முதல் 5 வரை எல்லா ரன்லெவலும் ஒன்றுதான். 'இனிட் 3' தட்டினால் வரைகலை அசையாமல் அப்படியே நிற்கும். டெபியனில் 'இனிட்.டி' அடைவில் இருக்கும் ஜிடிஎம் நிரலை 'ஸ்டாப்' என்ற சொல்லோடு அழைக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்கள் நிறுவியிருந்தால் எது எழ வேண்டும் என்பதை ஒரு சிறு கோப்பு முடிவு செய்யும். 'டிபிகேஜி ரீகான்ஃபிகர்' கட்டளையால் அதை மாற்றலாம்.

சூசேயில் மூன்றாவது வழி. உள்ளே ஓடுவது கேடிஎம்மோ ஜிடிஎம்மோ, சேவையின் பெயர் எப்போதும் எக்ஸ்டிஎம்தான். 'ஆர்சிஎக்ஸ்டிஎம் ஸ்டாப்' என்றால் நிற்கும், 'ஸ்டார்ட்' என்றால் ஓடும். எந்த வாசல் என்பதை ஒரு அமைப்புக் கோப்பில் எழுதி வைத்தால் போதும். மூன்றில் இதுவே தெளிவான ஏற்பாடு.

தமிழ்நாட்டுக்கு வந்த வாசல்

இந்தச் சூசேதான் தமிழ்நாட்டு அரசுக்குள் நுழைந்தது. சி. உமாசங்கர் எல்காட் நிறுவனத்தின் மேலாண் இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கில், அலுவலகங்களுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் ஆயிரக்கணக்கில் சூசே லினக்ஸ் கணினிகளைக் கொண்டு செல்லும் முயற்சி நடந்தது. உரிமக் கட்டணம் மிச்சம், வைரஸ் தொல்லை இல்லை என்பவை அப்போது சொல்லப்பட்ட காரணங்கள்.

அதே 2007இல் சென்னையில் உள்ள சி-டாக் மையம் 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. இது டெபியனை அடிப்படையாகக் கொண்டது, மேசைத்தளம் க்னோம். ஆகவே வாசல் ஜிடிஎம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. இப்படித்தான் கீத் பேக்கர்டின் 1988ஆம் வருட யோசனை வேடசந்தூர், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் பக்கத்து வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. வீட்டில் முதல் கணினி அதுதான் என்ற குடும்பங்கள் ஏராளம்.

இங்கேதான் வாசலைப் பற்றிய அறிவு முக்கியமாகிறது. ஒரு நாள் திரையில் கடவுச்சொல் கேட்கிறது, சரியாகத் தட்டினால் ஒரு நொடி கருத்துவிட்டு மறுபடியும் கடவுச்சொல் கேட்கிறது. பேக்கர்ட் பயந்த அதே சுழற்சி. பக்கத்தில் கேட்க ஆள் இல்லை என்றால் முடிவு ஒன்றுதான்: "கம்ப்யூட்டர் போச்சு." கடைக்குக் கொண்டு போனால் ஃபார்மட். உள்ளே இருந்த ப்ராஜெக்ட், படம், பாடக் குறிப்பு எல்லாம் அதோடு போகும்.

உண்மையில் பெரும்பாலும் பழுது மிகச் சிறியது. வட்டு நிறைந்துபோனால் அமர்வு தன் தற்காலிகக் கோப்பை எழுத முடியாமல் இறந்துவிடும். அல்லது நிர்வாகி உரிமையோடு ஏதோ ஒரு வரைகலை நிரலை ஓட்டியதில் 'எக்ஸ்அத்தாரிட்டி' என்ற கோப்பு ரூட் பயனருக்குச் சொந்தமாகிவிட்டிருக்கும். கடவுச்சொல்லில் கோளாறு எதுவும் இல்லை. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்1 அழுத்தினால் பழைய கெட்டி உட்கார்ந்திருக்கும். அங்கே நுழைந்து, 'டிஎஃப்' கட்டளையால் வட்டில் இடம் பார்த்து, தேவையற்றதை அழித்து, அல்லது 'சௌன்' கட்டளையால் கோப்பை உரியவருக்கே திருப்பிக் கொடுத்து, ஜிடிஎம்மை மறுபடி துவக்கினால் வேலை முடிந்தது. ஐந்து நிமிட வேலைக்கு ஒரு வருட உழைப்பைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

தமிழுக்கு அந்த வாசலில் என்ன இடம்?

கேடிஇ, க்னோம் இரண்டையும் தமிழாக்கத் தன்னார்வலர்கள் இரண்டாயிரங்களின் தொடக்கம் முதலே உழைத்தார்கள். ழ கணினி போன்ற முயற்சிகள் அப்போது பேசப்பட்டன. ஜிடிஎம் வாசலிலேயே மொழியைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தது. தமிழைத் தேர்ந்தால் உள்ளே பட்டியல்கள் தமிழில் வரும்.

ஆனால் பயனரின் பெயர்? யூனிக்ஸ் மரபுப்படி பயனர் பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் இருக்க வேண்டும். கயல்விழி தன் பெயரைத் தமிழில் பயனர் பெயராக வைக்க முயன்றால் கணினி மறுத்துவிடும். இதற்கு ஒரு பக்கவழி உண்டு. கடவுச்சொல் கோப்பில் ஒவ்வொரு பயனருக்கும் 'ஜிகாஸ்' என்ற ஒரு பகுதி இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் அச்சிடும் வேலையை ஜிகாஸ் என்ற இயங்குதளம் ஓடிய வேறு ஒரு கணினிக்கு அனுப்பினார்கள். அங்கே பயனர் யார் என்று சொல்ல இந்தப் பகுதி உருவானது. அந்தக் கணினி போய்ப் பல ஆண்டு ஆனாலும் பகுதி மட்டும் நின்றுவிட்டது. இப்போது அதில் முழுப்பெயர் எழுதுகிறார்கள், வாசல் திரை காட்டுவதும் அதைத்தான். ஆகவே அங்கே தமிழில் 'கயல்விழி' என்று எழுதினால் வரவேற்புத் திரையில் தமிழ்ப் பெயர் தோன்றும்.

இன்னும் இரண்டு சிக்கல்கள் தமிழருக்கே உரியவை. ஒன்று, விசைப்பலகை தமிழ்99இல் இருக்கும்போது கடவுச்சொல் தட்டினால் திரையில் வெறும் புள்ளிகள்தான் தெரியும். எழுத்து மாறியது தெரியாது, "கடவுச்சொல் தவறு" என்று மட்டும் வரும். இரண்டு, லினக்ஸின் கருந்திரை தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டத் தெரியாதது. அதிகபட்சம் 512 எழுத்துருவங்கள்தான் அதற்குக் கொள்ளும், கொம்பும் காலும் சேர்க்கும் வேலை அதனிடம் இல்லை. தமிழை இயல்பு மொழியாக வைத்தவர் அவசரத்துக்குக் கருந்திரைக்குப் போனால் பிழைச் செய்திகள் கட்டம் கட்டமாக வரும். 'லாங்' என்ற மாறிக்கு 'சி' என்று மதிப்புக் கொடுத்தால் செய்திகள் ஆங்கிலத்தில் படிக்கக் கிடைக்கும். ஆக, வீட்டுக்குள் தமிழ் வந்துவிட்டது. கொல்லைப்புறக் கதவில் இன்னும் வரவில்லை.

உள்ளே இருக்கும் தகடுகள்

கருந்திரை லாகின், எக்ஸ்டிஎம், ஜிடிஎம் என்று வாசல்கள் பெருகியபோது ஒவ்வொன்றும் கடவுச்சொல்லைத் தானே சரிபார்த்தால் சிக்கல். சரிபார்க்கும் முறையை மாற்ற வேண்டுமென்றால் எல்லா நிரலையும் திருத்த வேண்டும். சன் நிறுவனத்துப் பொறியாளர்கள் 1995இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். அதுதான் 'பாம்'. (வெடிகுண்டு அல்ல!) வாசல் எதுவானாலும் சரிபார்க்கும் வேலையைப் பாம் அடுக்கிடம் ஒப்படைத்துவிடும். அடுக்கில் ஒவ்வொரு தகடும் ஒரு கேள்வி கேட்கும். கடவுச்சொல் சரியா, கணக்கு காலாவதியானதா, இந்த நேரத்தில் அனுமதி உண்டா? கட்டாயத் தகடுகள் எல்லாம் சம்மதித்தால்தான் கதவு திறக்கும். மாங்காய்ப் பூட்டின் லீவர் அடுக்கை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சங்கதி சட்டென்று புரியும்.

எல்லா வாசலுக்கும் ஒரே கட்டளை

2006இல் உபுண்டு 'அப்ஸ்டார்ட்' என்ற புதிய இனிட்டைக் கொண்டுவந்தது. பிறகு அதில் 'ஸ்டாப் ஜிடிஎம்' என்றாலே போதும் என்றானது. 2011இல் ஜிடிஎம் போய் லைட்டிஎம் வந்தது, பழைய கட்டளைகள் பொய்த்தன. 2017இல் மறுபடி ஜிடிஎம். கேடிஇ தன் பங்குக்கு 2014க்குப் பின் கேடிஎம்மை விட்டு எஸ்டிடிஎம்முக்கு மாறியது.

2010இல் லெனார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் இருவரும் அறிமுகப்படுத்திய 'சிஸ்டம்டி' இந்தக் குழப்பத்துக்கு ஒரு முடிவு கட்டியது. 2011இல் ஃபெடோரா அதை ஏற்றது. பெரிய சண்டைகளுக்குப் பின் 2015இல் டெபியனும் உபுண்டுவும் ஏற்றன. இதில் உள்ளே எந்த வாசல் இருந்தாலும் 'டிஸ்ப்ளே மேனேஜர்' என்ற பொதுப் பெயரால் அழைக்கலாம். 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்', 'ஸ்டார்ட்', 'ரீஸ்டார்ட்' என்று சொன்னால் அந்தப்படி நடக்கும். பழைய 3க்குப் பதில் 'மல்டி யூசர் டார்கெட்', 5க்குப் பதில் 'கிராஃபிகல் டார்கெட்'. 'செட் டிஃபால்ட்' என்றால் அடுத்த முறையும் அதுவே. சூசே அன்றே செய்த ஏற்பாட்டுக்கு மற்றவர்கள் பிறகு வந்து சேர்ந்தார்கள் என்று சொன்னாலும் தப்பில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. வாசலை நிறுத்தினால் அதன் வழியாக நுழைந்தவரின் ஜன்னல்களும் மூடிக்கொள்ளும். சேமிக்காத வேலை போய்விடும். கருந்திரைக்கான விசையும் இடம் மாறியிருக்கிறது. முன்பு எஃப்1 முதல் எஃப்6 வரை கருந்திரை, எஃப்7 வரைகலை. இப்போது பல லினக்ஸ்களில் முதல் இரண்டையும் வரைகலையே எடுத்துக்கொள்கிறது, எஃப்3 அழுத்த வேண்டும். எக்ஸுக்கும் வயதாகிவிட்டது. 2008இல் தொடங்கிய வேலண்ட் அதன் இடத்தைப் பிடித்துவருகிறது. 2025இல் வந்த க்னோம் 49 எக்ஸ்11 அமர்வை முன்னிருப்பாக முடக்கிவிட்டது.

பூட்டு செய்பவரும் பூட்டு வாங்குபவரும்

இந்தப் பூட்டின் பலத்துக்கும் ஒரு எல்லை உண்டு. கணினியே கையில் கிடைத்த ஒருவர், அது எழும் நேரத்தில் துவக்கக் கட்டளையை மாற்றி, வாசல் பக்கமே வராமல் நேராக உள்ளே நுழைய முடியும். வட்டையே மறையாக்கம் செய்தால்தான் அதைத் தடுக்கலாம். கதவில் நல்ல பூட்டு, சுவரில் ஓட்டை என்றால் பூட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

சாவி தொலைந்தால் பூட்டு வாங்கியவர் கல்லைத் தேடுவார். பூட்டு செய்பவர் உள்ளே எத்தனை லீவர், எது எங்கே இருக்கிறது என்று யோசிப்பார். வரைகலை வாசல் வந்ததால்தான் கட்டளை தெரியாத கோடிக்கணக்கானவர்கள் கணினிக்குள் நுழைந்தார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அழகான திரைக்குப் பின்னால் 1970களின் கெட்டி இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது என்ற ஒரே ஒரு தகவல், ஒரு மாணவரின் மூன்று வருடக் கோப்புகளைக் காப்பாற்றும். கணினி ஆய்வகத்தில் முதல் வகுப்பில் சுட்டியைப் பிடிக்கச் சொல்லித் தருகிறார்கள். அதோடு கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தினால் என்ன ஆகும், மறுபடி எப்படித் திரும்பி வருவது என்பதையும் காட்டிவிட்டால் அதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. பூட்டுக்குப் பேர் போன ஊரில் இதைத் தொடங்கினால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.